பலசாலியா, பொருத்தமா?

1971-இல் நியூயார்க்கில் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியைப் புள்ளிக்கணக்கில் வென்றார். 1973-இல் கிங்ஸ்டனில் அதே ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே சுற்றுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். இந்தக் கணக்குப்படி அலி ஃபோர்மேனிடம் நொறுங்கியிருக்க வேண்டும். ஆனால் 1974-இல் கின்ஷாசாவில் எட்டாம் சுற்றில் சாய்ந்தவர் ஃபோர்மேன்தான். ஹெவிவெயிட்டில் தரவரிசையைவிடப் பாணிப் பொருத்தமே பெரிது என்பேன். இடது ஹுக்கை நம்பி, குனிந்து ஆடி உள்ளே புகுவார் ஃப்ரேசியர். அந்தத் தலை ஃபோர்மேனின் அப்பர்கட்டுக்குத் தானே வந்து மாட்டியது. அலியோ கயிற்றில் சாய்ந்து, அடிகளைக் கையிலும் தோளிலும் வாங்கி ஃபோர்மேனைக் களைக்க வைத்தார்.

ஃப்ரேசியர் 1973-இலேயே தேய்ந்துவிட்டார் என்பார்கள். தேய்ந்தவரா 1975-இல் மணிலாவில் அலியைப் பதினான்கு சுற்றுகள் வதைத்தார்? மறு ஆண்டே ஃபோர்மேன் அவரை ஐந்தாம் சுற்றில் முடித்தார். கென் நார்ட்டனும் அப்படித்தான்: அலியின் தாடையை உடைத்தவர், ஃபோர்மேனிடம் இரண்டு சுற்றுகூடத் தாங்கவில்லை.