புளுகும் புனைவும்

நமது ஊர்ப் படிப்பகத்துக்குப் புதிய நூல்கள் வாங்குவதென முடிவாயிற்று. பட்டியல் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஐந்து பெயர்களை எழுதி நீட்டினோம். படித்துப் பார்த்த தோழரின் முகம் சுருங்கிற்று.

"பிணத்துக்கு உயிர் தந்தவன் கதை, காலத்தைத் தாண்டிச் சென்றவன் கதை, மந்திரவாதியின் கதை! பேயையும் பூதத்தையும் ஊரைவிட்டு விரட்டத் திறந்த படிப்பகம் இது. இங்கே இவற்றுக்கு அலமாரியா?" என்று கேட்டார்.

கேட்டவர், எதையும் ஆராயாமல் ஏற்காதவர். ஆகவே அவருக்குச் சொன்ன மறுமொழியை, அதே ஐயம் கொள்ளக்கூடிய மற்றத் தோழர்களுக்காகவும் இங்கே விரித்துரைக்கிறோம்.

புளுகு வேறு, புனைவு வேறு. புளுகு, "இது நடந்தது, நம்பு!" என்று ஆணையிடும். நம்ப மறுப்பவனை நரகத்தைக் காட்டி மிரட்டும். நம்பியவனிடம் காணிக்கை கேட்கும். புனைவோ, முதல் ஏட்டிலேயே, "நான் கதை" என்று சொல்லிவிடுகிறது. "இப்படியொன்று நேர்ந்தால் பின் விளைவது யாது? எண்ணிப் பார்" என்று அழைக்கிறது. முன்னது மண்டியிடச் சொல்லும். பின்னது மதியைத் தீட்டும். நல்ல அறிவியல் கதை ஒரே ஒரு கற்பனையை நம்மிடம் கடனாகக் கேட்கும். அதைத் தந்துவிட்டால், மற்ற அனைத்தையும் காரண காரிய முறைப்படி வளர்த்து, வட்டியும் முதலுமாகத் திருப்பித் தரும். இந்த உரைகல்லில் உரைத்துத்தான் ஐந்தையும் தேர்ந்தோம்.

முதலாவது, மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்'. 1815இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே குளிர்ந்தது. ஜெனிவா ஏரிக்கரையில், மழையால் வீட்டுக்குள் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதெனப் பேசிக்கொண்டனர். அவர்களில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தொடங்கிய கதைதான் 1818 சனவரி முதல் நாள் 500 படிகளாக, ஆசிரியர் பெயரின்றி, லண்டனில் வெளிவந்தது. பேய்க்கதையாகத் தொடங்கியது, ஆனால் அதில் பேய் இல்லை! வேதியியலும் உடற்கூறும் பயின்ற விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன், பிண உறுப்புகளைக் கொண்டு ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண் திறந்ததும் அதன் அழகின்மை கண்டு அஞ்சி ஓடிவிடுகிறான்.

"அறிவியலில் அளவு மீறினால் அழிவு" என்பதே இந்நூலின் பாடம் என்பார் பலர். நாம் அதை ஏற்கோம். படைத்தது குற்றமன்று, படைத்ததைக் கைவிட்டதே குற்றம். கைவிடப்பட்ட அந்த உயிர் ஒரு குடிசையின் அருகே ஒளிந்து, சுவரின் இடுக்கு வழியே அங்குள்ளோரைப் பார்த்துப் பார்த்தே மொழி கற்கிறது, நூல் கற்கிறது, அன்பும் கற்கிறது. கண் தெரியாத முதியவர் அதன் குரலைக் கேட்டுக் கனிவோடு பேசுகிறார். கண் தெரிந்த மகன் வந்து கண்டதும் தடியால் அடிக்கிறான். பிறந்த உருவத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் உலகத்தை இதைவிடக் கூர்மையாகக் குத்திக்காட்ட முடியுமா?

இப்பகுதியை வகுப்பில் தமிழாக்கிச் சொன்னபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன், "அதுக்குப் பேரே வைக்கலையா ஐயா?" என்றான். வைக்கவில்லை. நூல் முழுதும் அதற்குப் பெயரில்லை. படைத்தவனின் பெயரையே உலகம் தவறாக அதற்குச் சூட்டிவிட்டது. "அப்ப, அது கெட்டதுக்கு அவன்தானே காரணம்?" என்றான் அந்தச் சிறுவன். திறனாய்வாளர் பக்கம் பக்கமாக எழுதியதை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான். குறை இல்லையா நூலில்? உண்டு. விக்டரின் புலம்பல் நீளம்; பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் காத்திருப்பதற்கும் சாவதற்குமே வருகின்றனர். ஆயினும் முதலில் படிக்க வேண்டியது இதுவே.

இரண்டாவது, எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட 'கால யந்திரம்'. வெல்ஸ், துணிக்கடையில் பயிற்சியாளாய் வாடியவர். அவருடைய தாய் ஒரு சீமானின் மாளிகையில் பணிபுரிந்தார். அங்கே வேலையாட்கள் நடமாடத் தரைக்கு அடியில் சுரங்க வழிகள் இருந்தன. அந்த மாளிகையை அறிந்த இளைஞரின் கற்பனை 8,02,701ஆம் ஆண்டுக்குப் பாய்கிறது. தரைமேல், உழைப்பறியாது கனி தின்று களிக்கும் மெல்லுடல் மாந்தர். தரைக்கீழ், இருளில் இயந்திரம் இயக்கும் மற்றோர் இனம். முதலாளி வர்க்கமும் உழைக்கும் வர்க்கமும் பிளந்து பிளந்து இரு வேறு உயிரினங்களாகவே ஆகிவிட்டன எனக் கணிக்கிறான் கதைத்தலைவன். இரவில் கீழோர் மேலேறி வந்து மேலோரைத் தின்கின்றனர்! இங்கே ஒன்றைக் கண்டிக்காமல் விடமாட்டோம். தலைவனின் இரக்கமெல்லாம் மேலே ஆடிப்பாடுவோர் பக்கமே சாய்கிறது. கீழே தள்ளப்பட்டோர்மீது அருவருப்பே மிஞ்சுகிறது. கண்டுபிடித்த உண்மைக்குக் கண்டுபிடித்தவனே அஞ்சிவிட்டான்போலும்! பாழடைந்த காட்சிக்கூடத்தில் நூல்களெல்லாம் கந்தலாய்த் தொங்கும் இடம் ஒன்று வருகிறது. ஆசிரியத் தொழில் செய்வோர் அங்கே சற்று நின்றுதான் நகர முடியும்.

மூன்றாவது, நாவலன்று, சிறுகதை: ரொக்கையா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. வங்கத்தில், திரைக்குப் பின்னே வளர்ந்து, அண்ணனிடம் இரவில் மறைவாக ஆங்கிலம் கற்றவர் இவர். இக்கதை 1905இல் முதன்முதல் அச்சேறியது நம் சென்னையில். கமலா சத்தியநாதன் ஆசிரியராய் இருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்! கதையில் வரும் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தி, முகிலிலிருந்து நீர் இறக்குகின்றனர்; கதிரவன் வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கின்றனர்; அதே வெப்பத்தால் படையெடுத்து வந்த பகைவரை விரட்டுகின்றனர். ஆளை மாற்றிச் சிறை வைப்பது விடுதலை ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த உடனே, "பெண்ணைச் சிறை வைத்தபோது ஏன் கேட்கவில்லை?" என்று கதை திருப்பிக் கேட்கிறது.

நான்காவதே தோழர் கொதித்த மந்திரவாதி: உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி'. தீவொன்றில் ஆடு மேய்த்த சிறுவன் கெட், மந்திரக் கல்வி பயிலச் செல்கிறான். அங்கே மந்திரம் வரமன்று, வழிபாட்டின் பலனன்று. ஆண்டுக்கணக்கில் பயிலும் கல்வி. ஒவ்வொரு பொருளின் மெய்ப்பெயரையும் அறிய வேண்டும். ஒன்றை மாற்றினால் உலகின் சமநிலையே மாறும் என உணர வேண்டும். தருக்கால் கெட் ஒரு நிழலை ஏவிவிடுகிறான். அதற்கு அஞ்சி ஓடுகிறான். பின், ஆசான் சொல்லால் திரும்பி அதையே துரத்துகிறான். பரிகாரம் செய்து பாவம் கழிக்க அங்கே வழியில்லை. தன் தவற்றைத் தானே எதிர்கொள்ள வேண்டும்! இதில் மூடநம்பிக்கை எங்கே, தோழரே? கெட்டின் நிறம் செம்பழுப்பு. கொள்ளையிட வருவோரே வெள்ளையர். 2004இல் தொலைக்காட்சித் தொடராக்கியோர் அவனை வெள்ளையனாக்கியபோது ஆசிரியர் வெளிப்படையாகக் கண்டித்தார். இந்நூலின் கல்விக்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பது பெருங்குறை. அக்குறையை உணர்ந்த லெ குவின், 1990இல் 'தெஹானு' என்னும் நூலில் அதே உலகத்தைப் பெண்ணின் கண்கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். தாம் படைத்ததையே திருத்தத் துணிந்த அந்த நேர்மைக்காகவும் அவரைப் படிக்கலாம்.

ஐந்தாவது, ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்', 1979இல் வந்தது. பட்லரின் தாய் வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண். பின்வாசல் வழியே நுழைந்து, ஏச்சு கேட்டுப் பிழைத்தவர். அதைப் பார்த்து வளர்ந்த பட்லர், கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவர், அடங்கி வாழ்ந்த முந்தைய தலைமுறையைச் சினந்து பேசக் கேட்டார். நூலுக்கு வித்து அதுவே. 1976இல் கலிபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண், திடீரென அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். ஆண்டையின் மகன் ரூபஸ் உயிருக்கு இடர் வரும்போதெல்லாம் அவனைக் காக்க வேண்டியவள் அவளே. ஏனெனில், அவன் அவளுடைய மூதாதை! படித்தவள், துணிந்தவள்; அவளும் சவுக்கடிக்குமுன் நாளடைவில் பணியப் பழகுகிறாள். உயிரோடு இருந்ததே முன்னோர் நடத்திய போராட்டம் என்பதை அப்போது உணர்கிறாள். "எங்கள் பாட்டன் ஏன் துண்டை இடுப்பில் கட்டினான்?" என்று துடிக்கும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். பாட்டன்மீது சினம் குறையும்; அவனைப் பணியவைத்த முறையின்மீது சினம் பெருகும்.

தோழர்களே! ஆங்கிலம் அறிந்தோர் படித்துவிட்டுத் தமக்குள் வைத்துக்கொள்ளல் தகாது. மாலையில் படிப்பகத் திண்ணையில் ஓர் இயல் வீதம் தமிழில் சொல்லுங்கள். முதல் மூன்றும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை; மொழிபெயர்க்க எவர் இசைவும் வேண்டா.

நம் தோழர், நம்மிடமிருந்த 'பிராங்கன்ஸ்டைன்' படியை வாங்கிப் போய்ப் படித்தார். பட்டியலில் நான்கு நூல்களுக்கு இசைந்துவிட்டார். மந்திரவாதி மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறான். அவனை உள்ளே விடலாமா என்று அடுத்த ஞாயிறு விவாதம். படித்துவிட்டு வாருங்கள், படிக்காமல் வாக்களிப்பது மட்டும் நமக்கு அழகன்று.