இல்லத்துத் துயரும் இறைப்பாட்டும்: வேதநாயக சாஸ்திரியார் பாடல்களை ஆராயும் முறை

தமிழிலக்கிய வரலாற்றில் கிறித்தவப் புலவர்களின் தொண்டு தனியே எடுத்தோதத்தக்க சிறப்புடையது. தேம்பாவணி முதலாக இரட்சணிய யாத்திரிகம் ஈறாக அவர்தம் நூல்களின் சொல்வளம், யாப்பமைதி, அணிநலம் ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயினும், இறைத்தொண்டில் ஈடுபட்ட ஒருவருடைய இல்லத்து நிகழ்ச்சிகளுக்கும் அவர் பாடிய பாடல்களுக்கும் உள்ள உறவினை எவ்வாறு துணிவது என்னும் வினா போதிய அளவில் ஆராயப்பெறவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774-1864) நிலைக்களனாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுத் தொழிற்சாலைகளால் பெருகின. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது. வேலை நாடி அங்குக் குடியேறிய கிறித்தவக் குடும்பங்கள் தம் சொந்த ஊர்க் கீர்த்தனைகளையும் உடன்கொண்டு வந்தன. மணவீட்டிலும் இழவு வீட்டிலும் அக்கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. பாடலுக்கு முன்னர் அது பிறந்த கதையை ஒருவர் எடுத்துரைப்பதும் உண்டு. மகவை இழந்தபோது பாடியது என்றும், மனையாள் நோயுற்றபோது பாடியது என்றும், மன்னன் சினந்தபோது பாடியது என்றும் கதைகள் பலவாக விரியும். கேட்போர் உள்ளம் உருகுவதற்கு அவை துணைசெய்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதைகளையே சான்றாகக் கொண்டு ஆய்வேட்டில் ஒரு புலவரின் கவித்திறத்தை மதிப்பிடப் புகும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது.

கதை பிறக்கும் வகை

பாட்டுக்குக் கதை கூறுதல் கிறித்தவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. தனிப்பாடல் திரட்டினைப் பயின்றோர், ஒவ்வொரு பாடலின் தலையிலும் ஒரு நிகழ்ச்சி ஏற்றப்பட்டிருத்தலை நன்கறிவர். கம்பர்க்கும் சோழனுக்கும் நேர்ந்த பிணக்கு, காளமேகம் பெற்ற வரம், ஔவையாரின் வழிநடை ஆகியவை அவ்வாறு வளர்ந்தவை. பூவிருந்தவல்லியில் தோன்றியவராகப் போற்றப்பெறும் திருக்கச்சி நம்பியை எண்ணிப் பார்ப்போம். அவர் இயற்றிய வடமொழித் துதியை ஓதுவோர் சிலரே. காஞ்சிப் பேரருளாளர் இராமானுசர்க்கென அவர்வாயிலாகக் கூறியனுப்பிய ஆறு வார்த்தைகளின் கதையை அறிந்தோரோ மிகப் பலர். பாட்டைவிடக் கதையே நெடிது வாழ்கின்றது.

எனவே கதைகள் அனைத்தும் பொய் எனத் தள்ளுதல் வேண்டுமோ எனின், வேண்டா என்போம். திருநாவுக்கரசர் சூலைநோயுற்றுப் பாடினார் என்பதனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். பாடியவர்க்கும் உரைத்தவர்க்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. எனினும் வயிற்றுநோயின் கொடுமை அப்பதிகத்தினுள்ளேயே பேசப்படுகின்றது. புறச்சான்றினை அகச்சான்று தாங்கி நிற்கின்றது. ஆகவே ஒரு கதையை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் முறையாகும். பாடலினுள் அந்நிகழ்ச்சிக்குச் சான்று உண்டா? கதை பாடியவர் காலத்ததா, பிற்காலத்ததா? கதையில் காணும் செய்தி அவ்விலக்கிய வகையின் மரபிலோ அதன் மூலநூலிலோ முன்னரே அமைந்து கிடக்கின்றதா? இம்மூன்றனையும் கருவியாகக் கொண்டு மேற்செல்வோம்.

சாஸ்திரியார் வாழ்வு

சாஸ்திரியார் திருநெல்வேலிச் சீமையில் 1774-இல் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், சைவ வேளாளர் குடியினின்று கிறித்தவம் தழுவியவர், தாமும் புலமையுடையவர். இளமையிலேயே அன்னையை இழந்த சாஸ்திரியாரைச் செருமானியப் போதகர் சுவார்ட்சு (1726-1798) தஞ்சைக்கு அழைத்துச்சென்று பேணினார். மணவாத அப்போதகரே தஞ்சை இளவரசர் சரபோசிக்கும் காப்பாளராக விளங்கினார். இங்ஙனம் அரசர் ஒருவரும் புலவர் ஒருவரும் ஒரு தந்தையின் நிழலில் வளர்ந்தனர். பின்னர்ச் சாஸ்திரியார் தஞ்சையில் ஆசிரியப் பணி ஏற்றார். முதல் மனைவியாரை இளமையிலே இழந்து மறுமணம் புரிந்தார். 1820-களில் புதிதாக வந்த போதகர்களோடு பிணங்கிப் பணியையும் இழந்தார். அப்போது அவரைத் தாங்கியவர் 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்த அச்சரபோசி மன்னரே.

அன்னையின் மறைவு, மனைவியின் பிரிவு, பிழைப்பின் இழப்பு என இல்வாழ்வில் நேரும் பேரிடர்கள் மூன்றும் அவர்க்கு நேர்ந்தன. இவற்றுள் எது எப்பாடலில் இடம்பெற்றுள்ளது என்பதே நம்முன் உள்ள வினா.

பாடலில் ‘நான்’

சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் செபமாலைப் பாடல்களும் பெரும்பாலும் தன்மை ஒருமையில் அமைந்தவை. காலையில் எழுந்து நன்றி கூறுதல், இரவில் காவல் வேண்டுதல், பிழை பொறுக்க இரத்தல் ஆகியவை அவற்றின் பொருள்கள். அவற்றில் இறந்த மனைவியின் பெயரையோ குறித்த ஓர் இழப்பின் நாளையோ இடத்தையோ காண்டல் அரிது. துயரம் உண்டு, துயருற்றவர் இன்னார் என்னும் சுட்டு இல்லை.

இதனைப் புலவரின் குறையாகவோ, உணர்ச்சியை மறைக்கும் கூச்சமாகவோ கொள்ளுதல் பொருந்தாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்தனர். பெயர் நீங்கிய வழியே தலைவியின் துயர் கேட்போர் அனைவரின் துயராகின்றது. புறத்திணையிலோ பெயர் இன்றியமையாதது. பாரியை இழந்த கபிலரின் கையறுநிலைப் பாடல்கள் பாரியின் பாடல்களேயாகும், மற்றொருவர்க்கு ஆகா. சாஸ்திரியார் தம் இல்லத்துத் துயரினை அகத்தின் நெறிப்படி பாடினார் என்பது எம் கருத்து. சபையோர் கூடிப் பாடுதற்கென்று அமைந்த பாடலில் ‘நான்’ என்பது பாடியவரை மட்டும் குறிப்பின் அப்பாடல் சபைக்கு உதவாது. பாடும் ஒவ்வொருவரும் புகுந்து நிற்றற்கு இடந்தரும் வெற்றிடமே அந்த ‘நான்’.

அவருடைய முத்திரைச் சொல்லும் இதற்குத் துணைநிற்கின்றது. பாடலின் முடிவில் புலவர் தம் பெயரைப் பொறித்தல் இசைப்பாட்டு மரபு. ‘வேதநாயகன்’ என்பது பாடியவர் பெயர். வேதத்திற்குத் தலைவனாகிய இறைவனையும் அதுவே குறிக்கும். தம் பெயரைக் கூறவேண்டிய இடத்திலும் அதனை இறைவன் பெயருள் கரையவிடும் வாய்ப்பினை அச்சொல் அவர்க்கு நல்கிற்று. இத்தகைய ஒருவர் பாடலைக் கதையால் திறக்க முயலுதல், அவர் அரிதின் மூடிய கதவினை உடைப்பதனோடு ஒக்கும்.

அங்ஙனமாயின் வாழ்க்கை வரலாறு ஆய்வுக்கு வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அதன் இடம் வேறு. ஒரு பாடலின் பொருளை விளக்குதற்கு உதவாத வரலாறு, புலவர் தேர்ந்த இலக்கிய வகையினை விளக்குதற்குப் பெரிதும் உதவும். குற்றாலக் குறவஞ்சி பிறந்த நாட்டில் பிறந்து, சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அரங்கேறிய தஞ்சையில் வாழ்ந்தவர் பெத்லகேம் குறவஞ்சி பாடியது வியப்பன்று. அதில் சீயோன் மகளாகிய தேவமோகினி இறைவன்மீது காதல்கொள்கின்றாள். விசுவாசம் குறத்தியாக வந்து குறிகூறுகின்றது. சிங்கன் விரிக்கும் வலை ஆன்மாக்களாகிய பறவைகளைப் பிடிக்கும் நற்செய்தி வலை. சுவார்ட்சின் கல்வி வழி வந்த புவிநூல், வானநூல் அறிவும் அந்நூலில் கலந்துள்ளது. சாஸ்திரக் கும்மி, ஞானத்தச்ச நாடகம் முதலியனவும் ஊர் மக்கள் வாயில் முன்னரே வழங்கிய வடிவங்களை ஏற்றவை. பள்ளியிலும் சபையிலும் மக்களோடு நாள்தோறும் பழகும் தொண்டு அவரைப் புலவர் அவைக்குரிய நடையினின்று கும்மிக்கும் கீர்த்தனைக்கும் அழைத்துவந்தது. வாழ்வு வடிவத்தைத் தந்தது; துயரமோ வடிவத்தினுள் பெயரின்றி உறைந்தது.

பெயர் கூறிய இடம்

இனி, சாஸ்திரியார் தம் பெயராலும் தம் சினத்தாலும் பேசிய நூல்களும் உண்டு. பப்ரீசியசு மொழிபெயர்த்த வேதாகமத்தை இரேனியசு திருத்தப் புகுந்தபோது, அதனை எதிர்த்துப் ‘புதுத் திருத்தலின் கூக்குரல்’ எழுதினார். சபையில் வேளாளர்க்கு இருந்த தனியிருக்கை முதலிய வழக்கங்களைப் புதிய போதகர்கள் நீக்க முற்பட்டபோது, அவற்றை நிலைநிறுத்த வாதிட்டார். பணியிழப்பு அதன் விளைவே. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபையினுள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பெருங்கொந்தளிப்புக்கு உள்ளாயிற்று.

தொண்டரைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை ஒரு வரியில் கடந்து செல்கின்றன. அல்லது அவர் உற்ற துன்பத்தை மட்டும் கூறித் துன்பத்தின் காரணத்தை விடுகின்றன. இது நேர்மையான திறனாய்வு அன்று. பணியிழந்த புலவரின் வறுமை உண்மையே. அவர் காக்க முயன்ற வேலி, உடன் வழிபட்ட எளியோரை விலக்கி வைத்த வேலி என்பதும் உண்மையே. மனைவியை இழந்த துயரினைப் பெயரின்றிப் பாடி அனைவர்க்கும் பொதுவாக்கியவர், குலத்தின் இருக்கையை மட்டும் பொதுவாக்க ஒருப்படவில்லை. அவரது அகம் சபை முழுதும் புகுதற்கு இடந்தந்தது. புறமோ சபையைப் பிரித்தது. இம்முரணை மறைத்தால் அவர் பாடல்களின் பெருமையையும் நாம் உணரமாட்டோம். தம்மை ஆக்கியவரின் எல்லையைக் கடந்து, அவர் உடனிருக்க ஒவ்வாதோர் நாவிலும் அவை இன்று வாழ்கின்றன அன்றோ?

இரு ஒப்புமைகள்

எம் கருத்திற்கு அரணாகப் பிற புலவர் இருவரை நோக்குவோம். இல்லறம் துறந்த வீரமாமுனிவர் (1680-1747) தேம்பாவணியில் தலைவராகக் கொண்டவர் சூசையப்பர். மனைவியையும் மகவையும் காத்த இல்லறத்தார். துறவி இல்லறத்தானைப் பாடினார். வாழ்வு அவ்வாறே பாட்டாகும் என்னும் கொள்கை இங்கு நில்லாது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) வைணவராய்ப் பிறந்து 1858-இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றவர். அதுபோழ்து அன்னையாரும் மனைவியாரும் பெரிதும் வருந்தினர். ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்ட அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. யாத்திரிகன் மனைவி மக்களைப் பிரிந்து செல்லும் பகுதியைப் புலவரின் சொந்த வரலாறாகவே கொள்வார் உளர். ஆயின் அப்பிரிவு, மூலநூலாகிய ஜான் பனியனின் பரதேசியின் மோட்சப் பயணத்தில் 1678-இலேயே அமைந்துள்ளது. மூன்றாம் வினாவின் முன் அக்கூற்று நிலைபெறாது. தம் பட்டறிவு அப்பகுதியை மொழிபெயர்க்கும்போது புலவர்க்கு உதவியிருத்தல் கூடும், அது வேறு. அந்தப் பனியனும் சிறையிருந்த காலத்துப் பார்வையற்ற தம் மகளை எண்ணி நைந்ததனைத் தன்வரலாற்று உரைநடையில் தம் வாயாலேயே கூறினார். உருவகக் கதையிலோ தம்மைப் பெயரற்றவராக்கிக் கொண்டார். தமிழ் அக மரபினை அறியாத அயலவரும் ஏறத்தாழ அதே எல்லையை வகுத்துக்கொண்டமை எண்ணி மகிழத்தக்கது.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: இறைத்தொண்டர் ஒருவரின் இல்லத்துத் துயரம் அவர் பாடலுக்கு ஊற்றாதல் கூடும், ஆயினும் அகச்சான்றின்றி அதனைப் பாடலின் பொருளாகக் கொள்ளலாகாது. வாழ்க்கை வரலாறு இலக்கிய வகையின் தேர்வினையும் நடையினையும் விளக்கும். அவ்வளவிற்கு அது பயன்படுக. பெயர் சுட்டி வாதிட்ட நூல்களைப் பாடல்களோடு ஒருங்குவைத்து ஆராய்தல் வேண்டும். ஒன்றினைக் காட்டி மற்றொன்றினை மறைத்தல் தகாது.

சாஸ்திரியார் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபம் நிகழ்த்தி அவர் பாடல்களைக் காத்து வந்துள்ளனர். பாடலைக் காத்த அதே நாவே கதையையும் காத்தது. ஆகலின் கதைகளை இகழ்தலும் நன்றன்று. எக்கதை எவ்வாண்டு முதன்முதல் அச்சேறிற்று, எச்சபையில் எவ்வாறு திரிந்து வழங்குகின்றது எனத் தொகுத்தால், அது பாடியவரின் வரலாறாகாவிடினும் கேட்டவரின் வரலாறாகும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இழவு வீட்டில் கூறப்படும் கதை, வேதநாயகரின் துயரினை நமக்கு அறிவிப்பதில்லை. அவர் காலியாக விட்ட ‘நான்’ என்னும் இடத்தில் யார் யார் தம் துயரோடு வந்து அமர்ந்தனர் என்பதனை அறிவிக்கின்றது. ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி அதுவேயாம்.