கோடு வெட்டப்படவில்லை

மரப்பலகையிலிருந்து ஒரு கோடு தாளில் அச்சாக வேண்டுமென்றால் அந்தக் கோட்டில் உளி படக்கூடாது. அதைச் சுற்றியுள்ள மரத்தைத்தான் வெட்டியெறிய வேண்டும். வெட்டுப்படாமல் எஞ்சி நிற்கும் மேடு மையை வாங்கும், பள்ளம் வெள்ளையாகக் கிடக்கும். மரச்செதுக்கு அச்சின் அரிச்சுவடி இவ்வளவுதான். ஸரீனா ஹாஷ்மி 2001இல் செய்த ‘பிரிக்கும் கோடு’ என்ற அச்சைப் பார்க்கும்வரை அந்த அரிச்சுவடிக்குள் ஓர் அரசியல் இருக்குமென்று எனக்குத் தோன்றியதில்லை. வெளிறிய தாளின் குறுக்கே கறுப்பாக, நெளிந்து நெளிந்து ஓடுகிறது ஒரு கோடு. அது இந்திய பாகிஸ்தான் எல்லை. அதன் இரு பக்கமும் உளிக்குத் தப்பிய சிராய்கள் கறுப்புப் பொட்டுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன.

1947இல் பிரித்தானிய வழக்கறிஞர் சிரில் றாட்கிளிஃப் இந்த எல்லையை ஐந்தே வாரங்களில் வகுத்துவிட்டுப் புறப்பட்டுப் போனார். தேசப்படத்தில் பென்சில் ஓட எவ்வளவு நேரம் ஆகும்? அதே கோட்டைப் பலகையில் நிறுத்த ஸரீனா இரு பக்கத்து நிலத்தையும் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. ஊர்களெல்லாம் போன பிறகு மிஞ்சியது எல்லை. பிரிவினையைப் பற்றி நான் வாசித்த பல பக்கங்கள் சொல்லாத ஒன்றை இந்த வேலைமுறையே சொல்லிவிடுகிறது. அதுதான் அவருடைய பெரிய பலம். கருத்தைப் பலகையின் மேல் ஒட்டாமல், பலகையை வெட்டும் செயலுக்குள்ளேயே அதைக் கண்டெடுத்தார்.

ஸரீனா அலிகாரில் 1937இல் பிறந்தவர். தந்தை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். மகள் அங்கேயே கணிதத்தில் பட்டம் பெற்றார். 1958இல் இராஜதந்திரி ஒருவரை மணந்து பாங்கொக் போனார். மறு ஆண்டு பெற்றோரின் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. திரும்பிவர ஒரு வீடு இல்லாமல் போனது அப்படித்தான். பாரிஸில் அச்சுக்கலைஞர் ஹேய்ட்டரின் அச்சுக்கூடத்திலும், 1974இல் டோக்கியோவில் தோஷி யோஷிதாவின் பட்டறையிலும் தொழில் பயின்றார். பிறகு நியூயோர்க். 2020 ஏப்ரலில் லண்டனில் இறந்தார். கணிதம் படித்த கை என்பது எந்த அச்சைப் பார்த்தாலும் தெரியும். வீட்டின் தரைப்படம், வாசல், முற்றம், எல்லாம் சில கோடுகளுக்குள் அடங்கிவிடும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தக் கோட்டைப் பார்ப்பது வேறு விதம். எங்கள் வாவியே ஒரு கோடுதான். ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம். ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துப் பெயரிட்ட கரைகள், போர்க்காலத்தில் எந்தத் துவக்குக்குக் கீழே என்பதை வைத்துப் பிரிந்தன. இன்னொரு கோடு எழுவான்கரையின் ஊடாகவே ஓடுகிறது. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்துக் கிடக்கும் கரை இது. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களும் செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களும் படுகொலை செய்யப்பட்ட பிறகு, ஒரு வேலிக்கும் மறு வேலிக்கும் இடையே இருந்த ஒழுங்கை எல்லையாகிப் போனது. இதை எந்த றாட்கிளிஃபும் வரையவில்லை. ஆகவே எந்தப் படத்திலும் இது இல்லை.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. ஸரீனாவின் கண் எப்போதும் மேலே இருக்கிறது. 2003இல் அவர் செய்த ஒன்பது அச்சுகளின் தொகுதி ஒன்று, அழிந்த நகரங்களைப் பற்றியது. சரயேவோ, ஸ்ரெப்ரெனிகா, பெய்ரூட், ஜெனின், பக்தாத், அகமதாபாத் எனப் போகிறது வரிசை. பெரும்பாலும் நகரத்தின் வரைபடம், கீழே உருதுவில் அதன் பெயர். நியூயோர்க்குக்கு மட்டும் கறுப்பில் இரண்டு வெள்ளைக் கீற்றுகள். அந்த இரண்டு கீற்றுகள் என்னை உலுக்கின. மற்றவை அப்படி உலுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வாழ்ந்த நகரத்தை நிமிர்ந்து பார்க்கிறார், வாழாத நகரங்களைக் குனிந்து பார்க்கிறார். பக்தாத்தை அந்த உயரத்திலிருந்து பார்த்தவர்களில் குண்டு போட்ட விமானியும் ஒருவன். ஹெலியின் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு வரைபடம் அப்பாவியான பொருளாகத் தெரியாது. அவர் அந்தப் பார்வையைத் துக்கத்துக்காக வழிமறித்து எடுத்துக்கொண்டார் என்று வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் அச்சில் அந்த மறிப்புத் தெரிய வேண்டுமே?

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்சை நினைத்துக்கொள்கிறேன். 1914இல் மகன் பீற்றரைப் போரில் பறிகொடுத்தவர், ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்குகளைச் செய்து 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அதில் தாய்மார் ஒருவரையொருவர் இறுக அணைத்து ஒரே கறுப்புக் கட்டியாக நிற்கிறார்கள், இடுக்குகளில் பிள்ளைகளின் முகங்கள். அதே உளி, அதே மரம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மடியில் வைத்துத் தெருவோரம் இருக்கும் எங்கள் அம்மாமாருக்கு எது பக்கத்தில் நிற்கும் என்று கேட்டால், யோசிக்காமல் கொல்விட்ஸ் என்பேன். ஆனாலும் முகத்தைக் காட்டினாலே உண்மை வந்துவிடும் என்பதும் பொய். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் எங்கள் முகங்கள் எவ்வளவு மலிவாகப் போயின என்பதைக் கண்டவர்களுக்கு முகம் காட்டாத ஸரீனாவின் மறுப்பில் உள்ள மரியாதை புரியும்.

மொழிக்கு வருகிறேன். ‘வீடு ஓர் அந்நிய இடம்’ (1999) முப்பத்தாறு அச்சுகள். வீடு, எல்லை, மொழி என ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் உருதுச் சொல், எழுத்தணிக் கலைஞர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது. எனக்கு உருது தெரியாது. சொல் எனக்கு வளைவும் புள்ளியுமாகவே நிற்கிறது. பார்வையாளரை வாசலில் நிறுத்திவைக்கும் இந்த உத்தி கொஞ்சத் தூரம்தான் போகும். முப்பத்தாறில் சில, சொல்லை எடுத்துவிட்டால் வெறும் வடிவமைப்பு. பிற்காலத்தில் தங்கத்தகடு ஒட்டிய வேலைகளிலும் இந்த ஆபத்து உண்டு. துயரம் அழகாகி, பெரிய அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவருக்கு மிகப் பொருத்தமாகிவிடுகிறது. (நான் பார்த்ததெல்லாம் அச்சுப்பிரதிகளிலும் திரையிலும். கைத்தாளின் சொரசொரப்பு அங்கே செத்துப்போகிறது. அதற்குரிய கழிவைக் கொடுத்தே இதை வாசிக்க வேண்டும்.)

ஆனால் 2004இல் வந்த ‘வீட்டுக் கடிதங்கள்’ தொகுதியை அப்படிச் சொல்ல முடியாது. கராச்சியிலிருந்த அக்கா ராணி இவருக்கு எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள். அந்தக் கையெழுத்து உலோக அச்சில் பக்கத்தை நிறைக்க, அதன் மேல் வீட்டின் தரைப்படமும் ஊரின் வரைபடமும் மரச்செதுக்கில் விழுகின்றன. இங்கேயும் எனக்கு எழுத்துப் புரியவில்லை, ஆனால் கை புரிகிறது. வரி சாய்கிற இடம், நெருக்கி எழுதிய இடம். ஸரீனாவின் கணிதத்துக்குள் முதல்தடவையாக வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மிகச் சிறந்த வேலை என எல்லோரும் காட்டும் ‘பிரிக்கும் கோடு’ அல்ல, இதுதான் என்பது என் கணிப்பு. தன் ஒழுங்கை அக்காவுக்காகக் கொஞ்சம் கெடுத்துக்கொண்ட இடத்தில் அவர் பெரிய கலைஞராகிறார்.

இங்கே மரம் செதுக்கப்போகும் பிள்ளைகள் அந்த நெளிகோட்டைப் பார்த்து வாவியை அப்படியே வெட்டிவிடுவார்களோ என்பது என் பயம். வெட்டலாம், வடிவாகத்தான் இருக்கும். ஆனால் வாவியின் ஓரம் நிற்பதில்லை. மாரியில் வயல் தாண்டி ஏறும், கோடையில் சேற்றை விட்டு இறங்கும். வெள்ளம் கூடினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். சில மாதத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும், அடுத்த வெள்ளத்துக்கு மறுபடி வெட்ட வேண்டும். பலகையில் ஒருதரம் வெட்டினால் வெட்டினதுதான். அடைபடுகிற வெட்டு ஒன்றை மரத்தில் எப்படிக் காட்டுவது என்பதற்கு ஸரீனாவிடம் விடையில்லை, அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

வாவியைக் கடக்க மண்முனைக்கு 2014இல் பாலம் வந்துவிட்டது. ஆனால் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு மிதவையில்தான் கடக்கிறோம். மோட்டார் சைக்கிளும் ஆளும் ஏறும் அந்தத் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று பெயர். அதில் ஏறி நின்றால் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கிடக்கும், இரண்டு கரையும் ஒரே உயரத்தில் தெரியும்.