அடுத்த வீட்டுக்காரர்

கல்கியின் 'அலை ஓசை' ரொம்பப் பெரிய நாவல் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. வெறும் தொடர்கதைதானே என்று ஒதுக்குபவர்களோடும் சண்டையில்லை. இரண்டு கட்சிக்கும் ஓரளவு நியாயம் இருக்கிறது. 1948, 49ல் பத்திரிகையில் வந்து கொண்டிருந்தபோது அது செய்த காரியம் ஒன்று உண்டு. பஞ்சாபிலும் டில்லியிலும் மனிதனை மனிதன் வெட்டிக்கொண்டதைத் தஞ்சாவூர் ஜில்லா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்து சேர்த்தது. தேசம் இரண்டானதில் தமிழ்நாட்டு மண்ணில் அநேகமாக ரத்தம் சிந்தவில்லை. செய்தித்தாளோடு நின்றிருக்க வேண்டிய விஷயத்தை, சீதா என்ற தமிழ்ப் பெண்ணை அதன் நடுவே தள்ளி, நம்முடைய துக்கமாக்கினார் கல்கி. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று பாகங்களுக்குப் பெயர் வைத்தாரே, அதிலேயே அவர் மனசு தெரிகிறது. காந்தியடிகள் 1948 ஜனவரியில் கொலையுண்டு அதிக நாள் ஆகவில்லை. அந்தச் சூட்டில் எழுதியவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த நாவலில் முஸ்லிம் எங்கே இருக்கிறார்?

கலகக் கூட்டத்தில் இருக்கிறார். அது பெயரில்லாத கூட்டம். மனத்தில் நிற்கிறவராக, அன்புள்ளவராக, சீதாவைக் காப்பாற்றுகிறவராக ஒரு மௌல்வி சாகிபு வருகிறார். வாசகன் அவரிடம் ஒட்டிக் கொள்கிற சமயத்தில் உண்மை வெளிப்படுகிறது. அவர் சீதாவின் தகப்பனார் துரைசாமி ஐயர்தான்!

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்குண்டு; மார்க்க நெறி தவறாதவர், கல்கி பக்தர். சிவகாமியைப் பற்றி அவரைப் பேசவிட்டால் அம்பத்தூர் ஸ்டேஷனில் நாலு வண்டியைத் தவற விடலாம். 'அலை ஓசை'யைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "நல்லவரா எங்க ஆள் ஒருத்தர் வந்தாரு சார், கடைசியில அவரும் உங்க ஆளாப் போயிட்டாரு." சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறப்பின் ரகசியம் வெளிப்படுவது நாவலாசிரியர்களின் பழைய தந்திரம். கெட்ட தந்திரம் என்று சொல்ல மாட்டேன். தாகூர் இதே தந்திரத்தை 'கோரா'வில் (1910) கையாண்டிருக்கிறார். கோரா தீவிர ஹிந்து. ஆசாரமும் தேசபக்தியும் ஒன்றே என்று வாதாடுகிறவன். தீட்டுக்குப் பயந்து, பெற்றவளைப் போல் வளர்த்த ஆனந்தமயியின் கையால்கூடச் சாப்பிட மாட்டான். கடைசியில் தெரிகிறது, அவன் 1857 கலகத்தின்போது பிறந்த ஐரிஷ்காரக் குழந்தை. அவன் கட்டியிருந்த மதில் ஒரே நிமிஷத்தில் விழுந்து, பாரத தேசம் முழுவதும் அவனுக்குத் திறந்து விடுகிறது. கல்கியிடம் தந்திரம் அதுவே. பலன்தான் நேர் எதிர். மௌல்வி சாகிபுவின் பிறப்பு தெரிந்ததும் மதில் மறுபடி எழுந்து விடுகிறது. அன்பு நம் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது என்று நமக்கு நிம்மதி வருகிறது. கல்கியின் தேசபக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காகச் சிறை சென்றவர். இருந்தும் அந்த நிம்மதி ஆபத்தானது.

இது கல்கியோடு தொடங்கிய விஷயமும் அல்ல. பெரிய புராணத்து நந்தனாரைப் பாருங்கள். தில்லைக்குள் போக வேண்டுமானால் தீயில் மூழ்கி, பூணூலோடு முனிவராக எழ வேண்டியிருக்கிறது. வேற்று ஆளை ஏற்பதற்கு முன் அவரை நம் ஆளாக்கிக் கொள்வது நமக்கு நெடுநாளையப் பழக்கம்.

இதற்கு மாறான கதையும் இங்கேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பூந்தமல்லிக்காரர் திருக்கச்சி நம்பி. வைசியர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமாநுஜர் ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். ராமாநுஜர் வெளியே போயிருந்த நேரம் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, ஸ்நானமும் செய்துவிட்டாள். ராமாநுஜருக்குக் கிடைத்தது மெழுகிய தரைதான். குருபரம்பரையில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் நம்பிக்கு ரகசியமான பிராமணப் பிறப்பு எதையும் தேடிக் கொடுக்கவில்லை. அவர் வைசியராகவே வந்தார், வைசியராகவே போனார். வெட்கம் அந்த வீட்டுக்குத்தான். நாவலாசிரியர்கள் இதைப் படித்துத் தெரிந்து கொண்டிருக்கலாம்!

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஜனவரியில் லாகூரில் மாண்டோ இறந்து போனார். தேசங்கள் பைத்தியங்களைப் பங்கு போட்டுக் கொள்வதை எழுதிய 'டோபா டேக் சிங்' அவருடையது. அதில் இரண்டு எல்லைக்கும் நடுவே விழுந்து கிடப்பவன் பிஷன் சிங், ஒரு சீக்கியன். எழுதியவர் முஸ்லிம். அவனுக்கு அவர் வேறு பிறப்பு எதுவும் வைக்கவில்லை.

தமிழில் அந்தக் காரியம் நடக்க 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' அந்த வருஷம் வந்தது. சிகந்தராபாத்தில் ரயில்வேக்காரர் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு. நிஜாம் ராஜ்யம் நொறுங்கிக் கொண்டிருக்கிறது. ரஜாக்கர்களின் அட்டகாசம் ஒரு புறம். 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை நுழைகிறது. சில நாட்களில் நிஜாம் பணிந்து விடுகிறார். வெற்றிதான், சந்தேகமில்லை. வெற்றிக்குப் பிறகு நடந்ததை விசாரிக்க அரசாங்கமே அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைத்துக் கணக்கிட்டாலும் 27,000 முதல் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருப்பார்கள் என்று எழுதியது. பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாவலோ அதற்கு வெகு முன்பே வெளியாகிவிட்டது.

அசோகமித்திரன் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. கலவரத்தில் அகப்பட்ட சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்து விடுகிறான். பயந்து நடுங்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். அவன் கொல்ல வந்தவன் என்று நினைத்துக் கொண்டு, மற்றவர்களை விட்டுவிடும்படி, ஒரு சின்னப் பெண் தன் உடைகளைக் களைந்து அவன் முன்னே நிற்கிறாள். கூசிப்போய் ஓடுகிறான். அவனுக்கு ரஜாக்கர்களிடம் கோபம் இருந்தது, நியாயமான கோபம். அந்த நியாயம் அந்த அறைக்குள் செல்லுபடியாகவில்லை. அவள் யாருடைய மறைந்த மகளும் அல்ல. முஸ்லிம் பெண்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். நம் சினிமாவில் நண்பனுக்காக உயிரை விடும் 'பாய்' ஒருவர் தவறாமல் வருகிறார். அவரை எனக்குப் பிடிப்பதில்லை. நல்லவராக இருக்கிறார் என்பதால் அல்ல. நல்லவராக மட்டுமே இருக்க அனுமதிக்கப்படுகிறார் என்பதால். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) வரும் முதலாளி அகம்பாவக்காரர். இங்கிலீஷ் பள்ளிக்கூடமென்றால் எரிந்து விழுகிற ஊர் அது. மௌல்வி சாகிபுவை விட அந்த முதலாளியே என் நண்பருக்கு உறவுக்காரராகத் தோன்றினார். "இப்படி ஒருத்தர் எங்க சொந்தத்துலயே இருந்தாரு சார்" என்றார்.

அசோகமித்திரனிடமும் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. சந்திரசேகரன் ஓடுகிறான், நாவலும் அவன் கூடவே ஓடி, தெருவில் நின்று விடுகிறது. அவனுடைய அவமானம் நமக்குத் தெரிகிறது. அந்தப் பெண் உடையை மறுபடி எடுத்து உடுத்திக் கொண்டதும், வீட்டுக் கிழவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பதும் தெரிவதில்லை. நாவலாசிரியர் அந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.