பழைய டிராவலர் வாங்கலாமா? சுரக்குடியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கடலோர டெல்டாவில் பழைய வேன் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்க வேண்டாம். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, வண்டியின் அடியைப் பாருங்கள். சுரக்குடியில் நண்பர் ஒருவர் வாடகைக்கு ஓட்டும் 2012 மாடல் டெம்போ டிராவலரை நானே ஓட்டிப் பார்த்தேன். பட்டறையில் பிரித்தபோதும் கூடவே நின்று பார்த்தேன். அந்த என்ஜின் இன்னும் பல வருடம் உழைக்கும். அதைத் தாங்கி நிற்கும் தகடு அத்தனை காலம் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

புதுச்சேரியின் காரைக்கால் பகுதியில், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த ஊர் சுரக்குடி. சனிக்கிழமை காலையில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நின்று பார்த்தாலே டிராவலருக்கு இங்கே எவ்வளவு வேலை என்று தெரியும். மேற்கே திருவையாற்றுப் பக்கம் திங்களூரில் தொடங்கி கிழக்கே பூம்புகாருக்கு அருகில் கீழப்பெரும்பள்ளம் வரை, நவக்கிரகக் கோவில் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் நம்புவது இந்த வேனைத்தான். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி போன்ற நாட்களில் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். மற்ற நாட்களில் நாகூர், வேளாங்கண்ணி, கல்யாணம், காதுகுத்து. ஓட்டம் எல்லாமே குட்டைத் தூரம்தான். நின்று நின்று போக வேண்டும், கோவில் வாசலில் ஏசியைப் போட்டபடி காத்திருக்க வேண்டும், சீட்டுக்கு மேல் ஆள் ஏறும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியைவிட இந்த ஓட்டத்தில் வண்டி சீக்கிரம் தேயும். கிலோமீட்டர் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

வண்டியின் வம்சம் நல்ல வம்சம். பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987-ல் இந்த வேனைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1977-ல் வந்த மெர்சிடிஸ் டி1 வேனின் வடிவம் அது. மெர்சிடிஸ் 240டி காரில் ஓடிய ஓஎம்616 டீசல் என்ஜினை உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்து, மேட்டடாரிலும் டிராவலரிலும் பொருத்தினார்கள். 2005-ல் நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. பெயர் மாறினாலும் வண்டியின் அடிப்படை அமைப்பு வெகுகாலம் பெரிதாக மாறவில்லை. அதுதான் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய லாபம். காரைக்காலில் கிடைக்காத உதிரிபாகம் கும்பகோணத்தில் கிடைக்கும். கம்பெனி ஆள் வர வேண்டும் என்றில்லை, டீசல் வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஓட்டும்போது தெரிந்ததைச் சொல்கிறேன். என்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே இருப்பதால் ஓட்டுநரின் இடது காலில் சூடு அடிக்கிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் புகை வாசனையும் உள்ளே வரும். முன்னூறு ரூபாய் ரப்பரை மாற்றாமல் வருடக்கணக்கில் தலைவலியோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபது வேகத்தில் வண்டி நிம்மதியாகப் போகிறது. எண்பதைத் தொட்டபோது ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்தது. கிங் பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததன் அடையாளம் அது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கையிலேயே தெரியும். இரண்டு பக்கமும் மாற்றி, லேத்தில் ரீமர் போட்டு, அலைன்மென்ட் பார்க்க ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ஆகும். அதைத் தள்ளிப்போட்டால் முன் டயர் இரண்டும் ஒரு பக்கமாகத் தின்னும், அந்தச் செலவு அதைவிடப் பெரிது.

என்ஜினைப் பொறுத்தவரை இங்கே எதிரி சூடு. அந்தச் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கூலன்ட் வாங்கக் காசு பார்த்து, போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். குழாய்க்குள் பாசி படிந்ததுபோல் அடைந்து, கோவில் வாசலில் ஏசியோடு நிற்கும்போது முள் மேலே ஏறும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய இரண்டாயிரம் ரூபாய் போதும். கவனிக்காமல் விட்டு ஹெட் கேஸ்கெட் போனால், ஹெட்டை இறக்கி, லேத்தில் மட்டம் பார்த்து, வால்வ் உட்காரவைத்து ஏற்றுவதற்குள் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். வாங்கும்போது வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன். முழு என்ஜின் வேலைக்கு ஒரு லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆயில் டிப் ஸ்டிக்கில் மோர் நிறம் தெரிந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் சீக்கிரம் போவது குட்டை ஓட்டத்தின் பலன். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியோடு பதினைந்தாயிரம் பக்கம் வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த வருடமே மறுபடி கியர் பெட்டியை இறக்க வேண்டும், கூலி இரட்டிப்பாகும்.

எந்த டீசல் அமைப்பு உள்ள வண்டி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஓட்டியது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வகை. நாசில் வேலைக்குச் சில ஆயிரம், பம்ப்பை முழுதாகப் பிரித்துச் செய்தாலும் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். பிஎஸ்4 காலத்து காமன் ரெயில் வண்டி மைலேஜிலும் இழுவையிலும் மேல். ஆனால் டீசலில் தண்ணீர் கலந்து இன்ஜெக்டர் போனால் ஒன்றுக்கே பத்தாயிரத்துக்கு மேல், அது நான்கு இருக்கிறது. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்து விடுகிறவர்களுக்கு அந்தச் செலவு வருவது அபூர்வம். தமிழ்நாட்டைவிட இங்கே டீசல் மலிவு என்பதால் டேங்க்கை எப்போதும் நிரப்பி வைக்கலாம். டேங்க்குக்குள் ஈரம் கோர்ப்பதும் அதனால் குறையும்.

இனி அடியில் இருப்பது. இந்த விமர்சனத்தை எழுதவே காரணம் அதுதான். சுரக்குடி கடலை ஒட்டிய ஊர் அல்ல. ஆனால் வேன் வாரத்துக்கொருமுறை காரைக்கால் கடற்கரையிலோ வேளாங்கண்ணி மணலிலோ நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் ஓடுகிறது. அதன் பிறகு அந்த உப்பு போர் தண்ணீரிலேயே கழுவப்படுகிறது. படிக்கட்டின் உள்பக்கம், பின் சக்கரத்து வளைவு, கடைசி சீட்டுக்குக் கீழே உள்ள தரை, கண்ணாடி ரப்பரின் ஓரம் என்று துரு ஒரே வரிசையில்தான் வருகிறது. மேலே புது மேட் போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். மேட்டைத் தூக்கிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், போன தகடு மழுங்கலாகப் பேசும். நாங்கள் பார்த்த வண்டியில் பின் வளைவு இரண்டும் அப்படித்தான் பேசின. டிங்கரிங், வெல்டிங், பெயின்டிங் சேர்த்து நாற்பதாயிரத்துக்கும் மேல் கணக்கு வந்தது. உள்பக்கம் ஆன்டி ரஸ்ட் அடிக்காமல் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பொத்துக்கொள்ளும்.

துரு தகட்டோடு நிற்பதில்லை. பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் சேஸை ஒட்டி ஓடுகிறது. கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் அது அரித்துக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. முழுக் குழாயையும் மாற்றினாலும் நாலைந்தாயிரம்தான். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால். இருபது பேரை ஏற்றிச் செல்லும் வண்டியில் இந்த இரண்டிலும் காசு பார்ப்பது பெரும் தவறு. செல்ப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் உடனே புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். சேஸில் எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடுகின்றன. ஏசி கண்டென்சரையும் உப்பு விடாது, அதற்கும் பதினையாயிரம் போல ஒதுக்குங்கள்.

இந்த மண்ணுக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோலைச் சாலையில் காயப் போடுகிறார்கள். அதன் மேல் ஓடும்போது புரொப்பெல்லர் ஷாப்ட்டின் ஜாயின்ட்டில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும். சுற்றியது சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து உருவி எடுத்துவிட வேண்டும். ஜாயின்ட் கிராஸில் கிரீஸ் ஏறாமல் கடகடவென்று சத்தம் வருவதற்கும் பல நேரம் இதுதான் மூலம். ஆள் ஏற்றும் வண்டி என்பதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் வண்டிக்கு பிஒய் 02 எண். கிழக்கே கடலைத் தவிர எந்தத் திசையில் ஓட்டினாலும் சற்று நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும் என்பதால் பர்மிட்டும் வரியும் நடப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எட்டு வயதைக் கடந்த வாடகை வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்சி. பதினைந்து வயதைத் தாண்டினால் அதற்கான கட்டணம் பல மடங்கு என்று 2022 ஏப்ரலில் விதி வந்தது. 2012 மாடலை இன்று வாங்குகிறவர் அந்தச் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

என் தீர்ப்பு இது. அடி சுத்தமாக இருந்து என்ஜின் கொஞ்சம் புகைத்தால், விலையைக் குறைத்துப் பேசி வாங்குங்கள், அந்த வேலைக்கு முடிவு உண்டு. என்ஜின் அருமையாக ஓடி அடி அரித்திருந்தால் விட்டுவிடுங்கள், அந்த வேலைக்கு முடிவே இல்லை. முடிந்தால் பெரம்பலூர், நாமக்கல் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஓடிய வண்டியைத் தேடுங்கள், ஐம்பதாயிரம் கூடக் கேட்டாலும் அதுதான் லாபம். வாங்கிய கையோடு வண்டி விலையில் நாலில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். அதில் முதல் செலவு பிரேக் குழாய்க்கு இருக்கட்டும்.