ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் சேவை

ஜூலை பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் ரோட்டரி சங்கங்களும் அரிமா சங்கங்களும் பதவியேற்பு விழா நடத்துகின்றன. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்பேற்கிறார்கள். தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் என்று நலத்திட்ட உதவிகள் மேடையிலேயே வழங்கப்படுகின்றன. அந்த மேடைகளில் தவறாமல் ஒரு வாதத்தைக் கேட்கலாம். ஆண்டுதோறும் தலைமை மாறுவதால்தான் இந்தச் சங்கங்கள் ஊக்கம் குறையாமல் இயங்குகின்றனவாம். இந்தியாவிலிருந்து போலியோவை விரட்டியதே அதற்குச் சாட்சியாம். இந்தச் சாட்சி அந்த வாதத்துக்கு எதிராகத்தான் பேசுகிறது என்பது என் நெடுநாளைய கருத்து.

இச்சங்கங்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. உறுப்பினர்கள் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள். கடைக்காரரும் மருத்துவரும் ஆடிட்டரும் சாதி, கட்சி பாராமல் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ரத்தம் தேவைப்படும் நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. சேர்த்த பணத்தைக் காக்கவும் தெரிந்தவர்கள்: 1918-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26.50 டாலரில் தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் நிதி வழங்கும் ரோட்டரி அறக்கட்டளை. இதையெல்லாம் மறுப்பவர் இச்சங்கங்களை அருகிலிருந்து பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

இனி போலியோவுக்கு வருவோம். 1979-ல் பிலிப்பைன்ஸில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி ஏற்றது. 1985-ல் போலியோ ஒழிப்புக்கான போலியோபிளஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு, 1988-க்குள் 24.7 கோடி டாலர் சேர்ந்தது. உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகளை அந்த நோய் முடக்கிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவில் 2009-ல்கூட 741 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2010-ல் 42 பேர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை. அதுவே கடைசி. 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

1985-க்கும் 2011-க்கும் இடையே ரோட்டரிக்கு எத்தனை உலகத் தலைவர்கள் வந்து போனார்கள்! ஒவ்வொருவருக்கும் ஒரு முழக்கம் இருந்தது. ஆனால் போலியோவை மட்டும் யாரும் தம் ஆண்டுத் திட்டமாக மாற்றிக்கொள்ளவில்லை, கைவிடவும் இல்லை. இந்தியாவில் ரோட்டரியின் அந்தப் பணியை நடத்திய தேசிய போலியோபிளஸ் குழுவுக்கு 2001-ல் தலைவரான தீபக் கபூர் பத்தாண்டுக்கும் மேலாக அதே பொறுப்பில் நீடித்தார். பதவிக்காலம் ஓராண்டுதான் என்ற தன் விதியை ரோட்டரி எங்கே ஒதுக்கி வைத்ததோ, அங்கேதான் அதன் ஆகப் பெரிய வெற்றி கிடைத்தது. அரிமா சங்கத்தின் கதையும் வேறல்ல. 1925-ல் ஓஹியோவின் சீடர் பாயின்டில் ஹெலன் கெல்லர் அவர்களிடம் பார்வையற்றோருக்காக வேண்டிக்கொண்டார். நூறாண்டாக அந்தப் பொறுப்பை அவர்கள் இறக்கி வைக்கவில்லை. அவர்களுடைய பெயர் நிலைத்தது அதனால்தான்.

மற்ற வேலைகளில் நடப்பதோ வேறு. ஜூலையில் வரும் தலைவருக்கு ஆகஸ்டில் ஒரு திட்டம் வேண்டும். சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருகையின்போது திறந்து வைக்க ஏதாவது வேண்டும். ஜூனுக்குள் கணக்கு முடிந்து விருதுப் பட்டியலில் சங்கத்தின் பெயர் வர வேண்டும். இந்த நெருக்கடியில் எது சேவையாகும்? ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிவது, அல்லது ஒரே நாளில் கொடுத்துவிட்டு வந்துவிடக்கூடியது. அரசுப் பள்ளி ஒன்றில் சுவரில் மாட்டிய குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். வழங்கிய சங்கத்தின் பெயரும் தலைவரின் பெயரும் பளிச்சென்று இருந்தன. தண்ணீர் வரவில்லை. வடிகட்டியும் சவ்வும் மாற்றவேண்டிய காலம் கடந்து போயிருந்தது. தலைமை ஆசிரியரிடம் அதற்கு நிதி இல்லை. சங்கத்தில் கேட்டபோது, அது போன தலைவரின் காலத்துத் திட்டம் என்று பதில் வந்ததாம். இந்தப் பதிலைச் சொன்னவர் கெட்டவர் அல்ல. அவருடைய ஆண்டுக்கான பட்டியலில் பழைய இயந்திரத்தைப் பழுது பார்ப்பது என்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் தாகம் எடுக்கும் என்பதை அந்தப் பட்டியல் அறியாது.

டயாலிசிஸ் இயந்திரம் இன்னும் கடுமையான உதாரணம். வெளிநாட்டுச் சங்கத்தின் கூட்டோடு கிடைக்கும் ரோட்டரி உலக மானியத்துக்குத் திட்டத்தின் அளவு குறைந்தது 30,000 டாலராவது இருக்கவேண்டும். எனவே பெரிய கருவிகளை நோக்கிச் சங்கங்கள் போவது இயல்பு. ஆனால் சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உயிருள்ளவரை சிகிச்சை வேண்டும். ஒரு சிகிச்சைக்கே நூறு லிட்டருக்கும் மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். டயாலைசர், குழாய்கள், பயிற்சி பெற்ற டெக்னீசியன் வேண்டும். இயந்திரத்தின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. ஊர் மக்களின் தேவையை முதலில் ஆராய வேண்டும், திட்டம் நீடிப்பதற்கு வழி சொல்ல வேண்டும் என்று அறக்கட்டளையே நிபந்தனை விதிக்கிறது. அதாவது நோய் எதுவென்று தலைமையகத்துக்குத் தெரியும். ஆனால் விண்ணப்பம் எழுதியவர் பணம் வந்து சேரும்போது பெரும்பாலும் முன்னாள் தலைவராகியிருப்பார். கையெழுத்திட்ட வாக்குறுதியைச் சுமக்க ஆளிருக்காது.

கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஊர்ச் சங்கங்கள் கொடுத்த ஒத்துழைப்பு பெரிது. இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் சங்கத்தார் பொறுப்பு. மருத்துவர்கள் வந்து பார்த்து, அறுவை சிகிச்சை தேவைப்படுவோரை வண்டியில் ஏற்றிப் போவார்கள். லட்சக்கணக்கானோருக்குப் பார்வை கிடைத்த வழி இது. ஆனால் 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியக் கிராமங்களில் கண் குறை உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. எஞ்சியவர்களுக்கு முகாம் நாளன்று கூலி வேலை இருக்கும், துணைக்கு ஆள் இருக்காது, நோட்டீஸ் கண்ணில் பட்டிருக்காது. அரவிந்த் அந்த எண்ணை மறைக்கவில்லை. நிரந்தரமாக இயங்கும் விஷன் சென்டர் என்ற சிறு கண் சிகிச்சை மையங்களைச் சிற்றூர்களில் தொடங்கியது. இன்று அவை நூற்றைத் தாண்டிவிட்டன. சங்கங்களில் பல இன்னும் முகாமின் எண்ணிக்கையையே கூட்டிக்கொண்டிருக்கின்றன. நூற்றில் வராத 93 பேர் எந்த ஆண்டறிக்கையிலும் இடம் பெறுவதில்லை.

எண்ணிக்கை மோகம் மேலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 20 கோடிப் பேருக்குச் சேவை செய்வோம் என்று அரிமா சங்கத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் இலக்கு வைத்தது. ஒரு வேளை உணவு வாங்கியவரும் ஒருவர், கண் திறந்தவரும் ஒருவர். இப்படிக் கணக்குப் பார்த்தால் சங்கம் எதைச் செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே சிறுமியை ஐந்தாண்டு படிக்க வைக்கிற சங்கம் அந்தக் கணக்கில் ஒன்று என்றுதான் எழுத முடியும்.

தலைவர்களும் தொழில் பார்த்துப் பிழைப்பவர்களே, ஓராண்டுக்கு மேல் அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒருவரிடமும் கேட்க வேண்டாம், சங்கத்திடம் கேளுங்கள். தலைவர் மாறலாம், வாக்குறுதி மாறக் கூடாது. பெங்களூரில் 1984-ல் தொடங்கிய ரோட்டரி டி.டி.கே. ரத்த வங்கி இன்றும் நடக்கிறது என்றால், அதை ஓர் அறக்கட்டளை நடத்துவதே காரணம். ஜூலைதோறும் அதன் நிர்வாகம் கைமாறுவதில்லை. நாடெங்கும் சங்கங்களின் பெயரில் நிலைத்திருக்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் இப்படித் தலைவரின் கையிலிருந்து விலகித் தனி நிர்வாகம் பெற்றவையே. வழி தெரியாமல் இவர்கள் தவிக்கவில்லை. தெரிந்த வழியைச் சின்ன வேலைகளுக்குப் பின்பற்ற மனமில்லை.

ஆகவே பதவியேற்கும் தலைவர் முதல் மூன்று மாதம் புதிதாக ஒன்றும் திறக்கக் கூடாது. முந்தைய ஐந்து தலைவர்கள் விட்டுச் சென்ற கழிப்பறை, ஆர்.ஓ. இயந்திரம், நூலகம் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து, எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று உறுப்பினர் கூட்டத்தில் படிக்க வேண்டும். நின்றதை ஓட வைப்பதற்கே மாவட்ட விருது கொடுக்க வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க முடியாத சங்கம் எந்தக் கருவியையும் வழங்க வேண்டாம். அந்தத் தொகையை அரசு மருத்துவமனையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கு டயாலைசர் வாங்கக் கொடுத்துவிடலாம்.