அசைவுக்கு ஒரு காரணம் வேண்டும்

பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' 1961-ல் வந்தபோது வ.உ.சி. மறைந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. தியேட்டருக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் தலைப்பாகையும் மீசையுமாக ஒரு புகைப்படம், அவ்வளவுதான். எப்படி நடந்தார், கையை எப்படி வீசினார் என்று சோதித்துப் பார்க்க அவர்களிடம் அளவுகோல் இல்லை. அந்தச் சுதந்திரத்தை சிவாஜி கணேசன் பொறுப்போடு எடுத்துக்கொண்டார். சிறையில் செக்கிழுக்கும் காட்சியில் தோளும் முதுகும் படும் பாட்டைப் பார்த்தால், பாரம் எங்கே அழுத்துகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். அங்கே அசைவுக்குக் காரணம் இருந்தது.

'திருவருட்செல்வர்' (1967) இதைவிடத் துணிச்சலான காரியம். அப்பர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். புகைப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதிய துறவியின் உடலை வாழும் ஒருவரிடமிருந்து, காஞ்சிப் பெரியவரிடமிருந்து, சிவாஜி எடுத்துக்கொண்டார். ஒருவருடைய சாயலை இன்னொருவருக்குக் கடன் வாங்கும் இந்த வழி இன்று ஏனோ வழக்கொழிந்துவிட்டது. அது திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு வந்த தலைமுறைக்குச் சிக்கல் வேறு. நாயகனை மக்கள் நேரிலும் திரையிலும் பார்த்துப் பழகிவிட்டார்கள். கெட்டப் சரியாக அமைந்ததா என்பதே முதல் கேள்வியாயிற்று. ஞான ராஜசேகரனின் 'பாரதி'யில் (2000) அந்தச் சிக்கல் இல்லை; மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டே, மொழி தெரியாமலேயே நிமிர்ந்த நெஞ்சிலும் எரியும் கண்ணிலும் பாரதியைப் பிடித்தார். அதே இயக்குநரின் 'பெரியார்' (2007) படத்தில் சத்யராஜுக்கு வேலை கடினம். பெரியாரின் பேச்சைக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். தாடியும் தடியும் யாருக்கும் பொருந்தும். கனத்த உடம்பை மெல்ல நகர்த்தும் முதுமையில்தான் சத்யராஜ் தேறினார்.

மணிரத்னத்தின் 'இருவர்' (1997) எதிர்த்திசையில் போனது. பெயர்களை மாற்றியதோடு மேனரிசங்களையும் விட்டுவிட்டது. மோகன்லாலின் ஆனந்தனிடம் எம்.ஜி.ஆரின் கையசைப்பைத் தேடினால் கிடைக்காது. கூட்டத்தைக் கண்டதும் ஒரு மனிதனுக்குள் நடக்கும் மாற்றம் கிடைக்கும். 'தலைவி'யில் (2021) எம்.ஜி.ஆராக வந்த அரவிந்த்சாமி தொப்பி, கண்ணாடி, துள்ளல் நடை எல்லாவற்றையும் கவனமாகச் செய்தார். உழைப்பில் குறையில்லை. ஆனால் என்னை உலுக்கியது மோகன்லால்தான்.

பாவனைக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் 'மாயாபஜார்' (1957) படத்தைத்தான் காட்டுவேன், அது வாழ்க்கை வரலாறே இல்லை என்றாலும். எஸ்.வி. ரங்காராவ் நடித்த கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவெடுத்து வருகிறான். தமிழில் அவள் வத்சலா, தெலுங்கில் சசிரேகா. சாவித்திரி நாணிக் கோணி ஆடிக்கொண்டே வருவார். யாரும் பார்க்காத நொடியில் தோள் அகலும், புருவம் ஏறும், ரங்காராவின் மிடுக்கு அந்த மெல்லிய உடம்பில் வந்து உட்காரும். மறுநொடி மீண்டும் நாணம். ரங்காராவின் மிடுக்கு வந்துபோகிறதே தவிர அவரைக் கேலி செய்வதில்லை. சாவித்திரியின் வாழ்க்கையை 'நடிகையர் திலகம்' (2018) என்று எடுத்தபோது அந்த ஆட்டம் கீர்த்தி சுரேஷ் தலையில் விழுந்தது: ரங்காராவாக மாறும் சாவித்திரியாக அவர் மாற வேண்டும். ஒரு சுற்றுக் கூடினாலும் மிமிக்ரியாகிவிடும் இடம். ஆட்டத்தை மட்டும் படியெடுக்காமல், அதை ஆடும்போது சாவித்திரிக்கு இருந்த குதூகலத்தையும் கீர்த்தி கொண்டுவந்தார். தேசிய விருது தகுதியான கைக்கே போனது.

விளையாட்டு வீரர்களின் கதையில் தப்பிக்க வழியே இல்லை. தோனியின் ஹெலிகாப்டர் ஷாட் பள்ளிப் பையனுக்கும் மனப்பாடம். திரையில் தோனியாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் அதற்காக முன்னாள் விக்கெட் கீப்பர் கிரண் மோரேயிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். கபீர் கானின் '83' (2021) படத்தில் நம் ஜீவா, ஸ்ரீகாந்த் ஆனார். மூக்கை உறிஞ்சுவது, சூரியனை அண்ணாந்து பார்ப்பது, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்துவிட்டு வருவது என்று ஸ்ரீகாந்திடம் மிமிக்ரி கலைஞர்களுக்கு விருந்தே உண்டு. அத்தனையும் அடங்காத ஒரு துறுதுறுப்பிலிருந்து வருபவை. அந்தத் துறுதுறுப்பு ஜீவாவிடம் இருந்ததால்தான் மூக்குறிஞ்சல் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை.

அதே படத்தில் கபில்தேவாக நடித்த ரன்வீர் சிங்குக்கு ஒரு விநோதமான பரீட்சை. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ்: ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு, கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். அந்த ஆட்டத்துக்கு வீடியோ பதிவே கிடையாது. மற்ற இடங்களில் கபிலின் பந்துவீச்சையும் பேச்சையும் பதிவுகளைப் பார்த்துப் பழகிய ரன்வீருக்கு, இங்கே பார்த்துச் செய்ய எதுவும் இல்லை. பழகிய அந்த உடம்போடு மட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்காலைத் தூக்கி நடராஜ ஷாட்டை அடிக்கிறார். படத்தில் நான் கபிலை முழுதாக நம்பியது அந்த இன்னிங்ஸில்தான்.